பொம்மை ரயிலுக்குக் குரல் வந்த கதை

ரயில் எப்படிச் சத்தம் போடும் என்று நம் குடியிருப்பில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ‘கூ... குப் குப்’ என்றுதான் சொல்லும். அந்தக் குழந்தை நீராவி இன்ஜினைப் பார்த்திருக்காது. அதன் அப்பாவும் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். நம் நாட்டு அகலப் பாதையில் நீராவி இன்ஜின்களின் வழக்கமான ஓட்டம் 1995ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இன்ஜின் போய் இத்தனை வருடம் ஆகியும் அதன் சத்தம் மட்டும் வாய்வழியாக வந்துகொண்டே இருக்கிறது.

வாய்வழியாக மட்டுமல்ல, பொம்மை வழியாகவும் வந்திருக்கிறது. மேஜை மேல் ஓடும் சின்ன ரயிலுக்குக் குரல் கொடுக்கப் போன நூற்றாண்டில் எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் வணிகவியல் படித்தவன். மின்னியல் ஓய்வுக்குப் பிறகு வந்த ஆசை. ஆகவே சர்க்யூட் படம் எதுவும் வராது, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் அந்தக் ‘குப்’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம். சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி, புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வெளியேறும்போது எழும் சத்தம் அது. அப்படி வேகமாகப் போவதால்தான் அடுப்பின் புகையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, நெருப்பும் நன்றாக எரிகிறது. ஆக, அந்தச் சத்தம் இன்ஜின் விடும் மூச்சு. சாதாரண இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. எனவே பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘குப்’. மேடு ஏறும்போது அது கனத்து வெடிக்கும். இறக்கத்தில் டிரைவர் நீராவியை அடைத்துவிட்டால் கிட்டத்தட்ட மௌனம். இந்த நான்கு என்ற கணக்கும், கனமும் மௌனமும் மாறி வருவதும்தான் பொம்மை செய்பவர்களுக்கு அறுபது எழுபது வருடம் தலைவலியாக இருந்தன.

விசில் அவ்வளவு கஷ்டமில்லை. அதனால் அதுதான் முதலில் வந்தது.

அமெரிக்காவில் லயனல் என்ற கம்பெனியை ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கினார். மின்சாரப் பொம்மை ரயில் என்றாலே லயனல் என்னும் அளவுக்கு வளர்ந்த கம்பெனி. 1930களின் பொருளாதார மந்தத்தில் அது தள்ளாடி, 1934ல் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கையில் போய்விட்டது. வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், ரிசீவர் உள்ளே வந்த கம்பெனியில் புதுப் பொருளுக்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவு அபூர்வம் என்று. அந்த வருடம் மிக்கி மவுஸ் தள்ளுவண்டி ஒன்றை ஒரு டாலருக்கு விற்றார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். மிக்கி மவுஸ்தான் லயனலைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு டாலர் பொருளில் என்ன லாபம் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு அது நம்பும்படியாக இல்லை. கம்பெனி நிமிர்ந்து நின்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. 1935ல் வந்த விசில் அடுத்த பல வருடங்களுக்கு அவர்களுடைய பெரிய விற்பனைச் சரக்காக இருந்தது.

அந்த விசில் வேலை செய்த விதம் இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டி ஒன்று இருக்குமல்லவா, டெண்டர் என்பார்கள். அதற்குள் ஒரு குட்டி மோட்டாரும் காற்றாடியும் வைத்தார்கள். காற்றாடி சுழன்றால் காற்று இரண்டு சிறு அறைகள் வழியாகப் போய், புல்லாங்குழல் போல இரண்டு சுருதியில் ஊதும். நிஜக் காற்று, நிஜ விசில். அதை ஓடும் ரயிலில் எப்போது ஊதச் சொல்வது? தண்டவாளத்தில் ரயிலை ஓட்ட ஏசி மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். விசில் பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் டிசி கலக்கும். ஏசிக்கு அசையாத, டிசி வந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ரிலே ஒன்று டெண்டரில் இருந்தது. அது ஒட்டியதும் விசில் மோட்டார் சுழலும். ரயிலை ஓட்டும் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான், அது பாட்டுக்கு ஓடும். ஒரே ஒரு சிக்கல், விசில் மோட்டாரும் மின்சாரம் குடிப்பதால் ஊதும்போது ரயில் தளர்ந்துவிடும். அதற்காகப் பொத்தானை அழுத்தும்போது தண்டவாளத்துக்குக் கொஞ்சம் வோல்ட் கூட்டியும் கொடுத்தார்கள். ஒரே கம்பியில் சக்தியையும் கட்டளையையும் சேர்த்து அனுப்பும் இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அறுபது வருடம் கழித்து வேறு உருவத்தில் திரும்பி வரும்.

‘குப்’புக்கு முயன்றவர்களில் ஏ. சி. கில்பர்ட்டைச் சொல்லியாக வேண்டும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கம்பு ஊன்றித் தாண்டுவதில் தங்கப் பதக்கம் பெற்றவர், பிறகு பொம்மைக் கம்பெனி நடத்தியவர். அமெரிக்கன் ஃபிளையர் என்ற ரயில் கம்பெனியை 1938ல் வாங்கினார். போர் முடிந்ததும் வந்த அவருடைய ரயில்களில் டெண்டருக்குள் ஒரு சின்னத் துருத்தி அமைப்பு. மோட்டார் அதை இயக்க, புகையும் வரும், ‘சூ சூ’ என்ற சத்தமும் வரும். 1950 வாக்கில் கில்பர்ட் கம்பெனி இன்னொரு படி ஏறியது. விசில் ஒலியை வெளியே வால்வுக் கருவியில் உண்டாக்கி, தண்டவாளம் வழியாக அனுப்பி, டெண்டரில் வைத்த ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தார்கள். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியில் கண்ணாடிக் குமிழ் போல் இருக்குமே, அந்த வால்வுதான்.

மலிவான வழிகளும் இருந்தன. சக்கரம் சுற்றும்போது உள்ளே உப்புத்தாளை எதையாவது உரச வைத்தால் ‘ஸ்க்... ஸ்க்’ என்று வரும். சுற்றுக்கு இத்தனை உரசல் என்று கணக்கும் தப்பாது. கேட்பதற்குத் தேங்காய் துருவுவது போலிருக்கும் என்பது வேறு விஷயம்.

நிஜ ரயிலில் டீசல் வந்ததும் பொம்மையிலும் டீசல் வந்தது. 1948ல் லயனல் விட்ட சான்டா ஃபே டீசல் இன்ஜினில் விசிலுக்குப் பதில் மின்சார ஹாரன். அதற்கு இன்ஜினுக்குள்ளேயே ஒரு டார்ச் லைட் பேட்டரி போட வேண்டும். பண்டிகை முடிந்து பெட்டியில் கட்டி மேலே போட்ட ரயிலில் பேட்டரியை எடுக்க மறந்தவர்கள் ஏராளம். அது கசிந்து அடிப்பாகத்தையே அரித்துவிட்டது. பழைய ரயில் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்த மாடலை வாங்கும்போது முதலில் பேட்டரி இருந்த இடத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்களாம். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரங்களுக்கும் இதே கதிதானே!

இதுவரை சொன்னதெல்லாம் பாவனைச் சத்தம். நிஜ இன்ஜினின் சத்தமே வேண்டும் என்ற எண்ணம், நிஜ இன்ஜின்கள் சாகத் தொடங்கியபோதுதான் வந்தது.

இங்கிலாந்தில் பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் என்ற சினிமா ஒலிப்பதிவாளர் இருந்தார். 1985ல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’ படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்ற ஒலிப்பதிவுக் குழுவில் ஒருவர். அவருக்கு நீராவி ரயில் மேல் பைத்தியம். 1950களிலிருந்தே கனமான பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையங்களுக்கும் மலை ஏற்றங்களுக்கும் போய் ஒலி பிடித்தார். டிரான்ஸகார்ட் என்ற பெயரில் அவை இசைத்தட்டுகளாக வந்தன. பாட்டு இல்லை, வசனம் இல்லை. தூரத்தில் ஒரு சரக்கு ரயில் ஏறி வருகிறது, கடக்கிறது, மறைகிறது, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி நாட்களைப் படமும் எடுத்து ஒலியும் பதிவு செய்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1957ல் வந்தது. அந்த ரயில்வேயில் 1960ல் நீராவி முடிந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயில் 1968 ஆகஸ்டில் முடிந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் சோம்பல் பட்டிருந்தால் அந்தச் சத்தங்கள் இன்று கிடையாது.

ஆனால் இசைத்தட்டை அறையின் மூலையில் சுழல விட்டால் மேஜை மேல் ஓடும் ரயிலோடு அது பொருந்தாது. ரயில் நின்றாலும் தட்டு நிற்காது. இன்ஜின் ஜன்னல் பக்கம் இருக்கும், சத்தம் அலமாரிப் பக்கத்திலிருந்து வரும். இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ய 1970களில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஜப்பானில் செய்த பித்தளை இன்ஜின்களை இறக்குமதி செய்து பணக்கார ரசிகர்களுக்கு விற்றவர்கள் இவர்கள். ஒலியை உண்டாக்கும் பெரிய பெட்டி மேஜைக்கு வெளியே இருக்கும். ஸ்பீக்கர் மட்டும் டெண்டருக்குள். இன்ஜின் சக்கரத்தின் அச்சில் ஒரு சிறு தொடுப்பு. சக்கரம் சுற்றச் சுற்ற அது பட்டுப் பட்டு விலகும். ஒவ்வொரு முறை படும்போதும் வெளியே இருக்கும் பெட்டிக்கு ‘இப்போது’ என்று தகவல் போகும், பெட்டி ஒரு ‘குப்’ அனுப்பும். சுற்றுக்கு நான்கு என்ற கணக்கு ஒருவழியாக நேர்ந்தது. பெட்டியில் விசில், மணி எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகுகள். கை பழகியவர்கள் விசிலை இழுத்து இழுத்து, நிஜ டிரைவர் மாதிரியே ஊதுவார்களாம். குறை என்னவென்றால் விலை. அதோடு, ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஓர் இன்ஜினுக்குத்தான் குரல் கொடுக்கும்.

பெட்டியே இன்ஜினுக்குள் போய்விட்டால்? அதற்கு இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டியிருந்தது. ஒன்று, சிப்பு சின்னதாகவும் மலிவாகவும் ஆக வேண்டும். இரண்டாவது, பல இன்ஜின்கள் ஒரே தண்டவாளத்தில் நின்றாலும் குறிப்பிட்ட ஒன்றோடு மட்டும் பேச வழி வேண்டும். இரண்டாவதை ஜெர்மனியில் கீசன் நகரத்தில் உள்ள லென்ஸ் கம்பெனி செய்து காட்டியது. தண்டவாளத்தில் போகும் மின்சாரத்தையே படுவேகமாக முன்னும் பின்னும் திருப்பி, அந்தத் திருப்பங்களின் நீளத்தால் பூஜ்யம், ஒன்று என்று எழுதுகிற முறை. இன்ஜினுக்குள் உள்ள டீகோடர் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும், கட்டளையையும் படித்துக்கொள்ளும். லயனலின் பழைய விசில் தந்திரத்தின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களின் முற்பகுதியில் இந்த முறையைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. என் கண்ணில் இதுதான் முழுக் கதையிலும் பெரிய சம்பவம். எந்த வங்கிக் காசோலையாக இருந்தாலும் அடியில் ஒரே மாதிரி எம்ஐசிஆர் எண் அச்சிட்ட பிறகுதானே கிளியரிங் வேகம் பிடித்தது! அதுபோல, யார் செய்த இன்ஜினும் யார் செய்த கட்டுப்பாட்டுக் கருவியோடும் பேச முடிந்த பிறகுதான் சின்னச் சின்னக் கம்பெனிகள் துணிந்து ஒலிக்குள் இறங்கின.

அப்படி இறங்கியவர்களில் ஒன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் டுராங்கோ ஊரில் இருக்கும் சவுண்ட்டிராக்ஸ். அந்த ஊரிலிருந்து சில்வர்டன் வரை குறுகிய பாதையில் இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது. வாசலில் நிஜச் சத்தம் கேட்கும் ஊரில் அதன் நகலைச் செய்கிறார்கள். 1990களின் நடுவில் அவர்களுடைய முதல் ஒலி டீகோடர்கள் வந்தன. ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஈஎஸ்யூ கம்பெனி 1999ல் லோக்சவுண்ட் என்பதைக் கொண்டுவந்தது. அதன் விசேஷம், உள்ளே உள்ள ஒலியை அழித்துவிட்டு வேறு ஒலியை நாமே ஏற்றலாம். கேசட்டில் பாட்டை அழித்து வேறு பாட்டுப் பதிகிற மாதிரி. அதற்குப் பிறகு ரசிகர்களே மைக்கைத் தூக்கிக்கொண்டு ரயில் அருங்காட்சியகங்களுக்கும் பாதுகாக்கப்பட்ட பாதைகளுக்கும் கிளம்பினார்கள். ஹேண்ட்ஃபோர்டின் பரம்பரை பெருகியது.

சக்கரத் தொடுப்புக்கும் மாற்று வந்தது. டீகோடர் ஒரு கண்ணிமைக்கும் நேரத்தின் சிறு பகுதிக்கு மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும். அந்த நேரத்தில் மோட்டார் டைனமோ போல மின்சாரம் தரும், சைக்கிள் டைனமோ மாதிரி. அது எவ்வளவு என்று அளந்தால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஏற்றத்தில் திணறுகிறதா என்பதெல்லாம் தெரியும். திணறினால் ‘குப்’பைக் கனமாக்கு, இறக்கத்தில் அடக்கு. நிஜ இன்ஜினின் மூச்சு இப்படித்தான் பொம்மைக்குள் வந்தது.

இந்த இடத்தில் ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல் யங் என்ற ராக் இசைக்கலைஞர், கனடாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ் பெற்றவர். அவருடைய இரண்டு மகன்களுக்கும் பெருமூளை வாதம். இளையவருக்குப் பேச்சு வராது, கை கால்களும் சொன்னபடி கேட்காது. கலிபோர்னியாவில் தன் பண்ணைக் கொட்டகையில் பெரிய லயனல் ரயில் பாதை போட்டிருந்த நீல் யங்குக்கு, மகனும் தன்னோடு ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. சின்னத் திருகைத் திருப்ப முடியாத கைக்கு எது முடியும்? பெரிய பொத்தான் முடியும். அப்படி அழுத்தினால் ரயில் கேட்கும்படி கருவிகள் செய்யத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, அப்போது லயனலின் முதலாளியாக இருந்த ரிச்சர்ட் குன் என்பவரோடு சேர்ந்து லயன்டெக் என்ற கம்பெனியானது. 1990களின் நடுவில் கம்பியில்லாக் கைக்கருவி ஒன்றால் ரயிலையும் விசிலையும் மணியையும் இயக்கும் லயனல் முறை அங்கிருந்து வந்தது. ரயில்சவுண்ட்ஸ் என்ற லயனலின் பதிவு ஒலியை மேம்படுத்தும் வேலையும் அங்கே நடந்தது. 1995ல் நீல் யங் லயனல் கம்பெனியிலேயே பங்குதாரர் ஆனார். பாட்டுக்காரர் பொம்மைக் கம்பெனியில் பணம் போட்டதைச் சிலர் வேடிக்கையாக எழுதினார்கள். பேச முடியாத மகன் ஒரு பொத்தானை அழுத்த, அறை முழுக்க ரயில் ஊதியதை அவர் கேட்டிருக்கிறார். முதலீட்டின் மேல் வருமானம் என்று நாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தியும் கிடையாது.

சரி, சிப்பு வந்துவிட்டது. ஸ்பீக்கர்? அதிகம் பேர் வைத்திருக்கும் எச்ஓ அளவு ரயில் நிஜத்தில் 87ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அதற்குள் மோட்டார், பல்சக்கரம், விளக்கு எல்லாம் போக மிஞ்சும் இடத்தில்தான் ஸ்பீக்கர் வைக்க வேண்டும். கனமான ஒலிக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும், சின்ன ஸ்பீக்கருக்கு அது முடியாது. போதாததற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். டெபிட்டும் கிரெடிட்டும் சரிக்குச் சரியாகி மீதம் பூஜ்யம்! அதனால் பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சின்னப் பெட்டியால் மூடி ஒட்ட வேண்டும். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஒலி சூம்பிவிடும். இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது ரயில்காரர்கள் அல்ல, கைபேசிக்காரர்கள். கைபேசிக்காகச் செய்த, ஏறக்குறைய 15க்கு 11 மி.மீ. அளவுள்ள ஸ்பீக்கர்கள் சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கியதும் அவற்றை வாங்கி இன்ஜினுக்குள் ஒட்டினார்கள். சர்க்கரைக் கட்டி என்று அதற்குச் செல்லப் பெயர்.

எவ்வளவு சத்தம் வைப்பது என்பதில் ரசிகர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரு மீட்டர் தள்ளி நின்று எச்ஓ ரயிலைப் பார்ப்பது, நிஜ ரயிலை 87 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அப்படியானால் 87 மீட்டரில் கேட்கிற அளவுதானே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எனக்கும் அந்தக் கட்சிதான். கடையிலிருந்து வரும்போது ஒலியை ஏறக்குறைய உச்சத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். பத்து இன்ஜின் சேர்ந்து உறுமினால் வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை, கீழ் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதையும்! டீகோடரில் ஒலியளவை எண்ணாகக் குறைத்து எழுதி வைக்க வழி இருக்கிறது. பாதிக்கும் கீழே வைத்தால் இன்னும் நிஜமாகவே இருக்கும்.

கடைசியாக நம் ஊர் விஷயம். 1962லிருந்து நம் தண்டவாளங்களில் ஓடிய டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஈரோடு, பொன்மலை ஷெட்டுகளில் வரிசையாக நிற்கும். புறப்படும்போது கரும்புகை கக்கும், நிற்கும்போது சீரில்லாமல் ‘டுகு... டுகு டுகு’ என்று தாளம் போடும். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது, முதல் சில அங்கிருந்தே வந்தன. 1964லிருந்து வாரணாசியில் செய்தார்கள். உள்ளே இருப்பது ஆல்கோவின் 251 வகை இயந்திரம், 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ஆல்கோ 1969ல் ரயில் இன்ஜின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த 251 இயந்திரத்தின் சத்தத்துக்கு அமெரிக்காவில் தனி ரசிகர் கூட்டம் இருப்பதால், அதன் பதிவு பெரிய டீகோடர் கம்பெனிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. நம் ஊரில் டபிள்யூடிஎம்-2 மாடல் வைத்திருப்பவர் அந்த அமெரிக்க ஒலியை ஏற்றினால் போதும். உறுமல், டர்போ தாமதமாக எழும்பும் சீறல் எல்லாம் சொந்தம் போலவே பொருந்தும்.

ஹாரன்தான் பொருந்தாது. அதில் வருவது அமெரிக்க ரயில்களின் பல சுருதி ஹாரன். நம்முடையது வேறு, கேட்டவர்களுக்குத் தெரியும். மின்மயமாக்கலில் அந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. நம் குடியிருப்பில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பழைய டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். யாராவது எப்போதாவது ஸ்டேஷனிலோ ஷெட்டிலோ பதிவு செய்த கேசட் பரணில் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். கேசட்டைக் கணினியில் ஏற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். கேசட் பத்திரமாகத் திரும்பி வரும், ரசீதோடு.